இத்தனை வருஷம் கழித்து மறுபடி ஜோட்டோ: ஹார்ட்கோல்டு இன்னும் தாங்குகிறதா?

ஆந்தைநேரம்:

ஒரு மாதமாக போக்கிமான் ஹார்ட்கோல்டு என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். 2010-ல் முதல்முறை ஆடியபோது எட்டு பேட்ஜ் வாங்கி, லீக் என்ற கடைசிப் போட்டியை முடித்து, அடுத்த பிரதேசமான கான்டோவுக்குள் நுழைந்து மூன்றாவது ஜிம்மோடு நிறுத்திவிட்டேன். இந்த முறை சில்வர் மலை உச்சிவரை போவதாக முடிவு.

ஆடாதவர்களுக்காக ஒரு வரி. 1999 நவம்பரில் ஜப்பானில் கேம் பாய்க்கு வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் இரண்டையும் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்காக 2009-ல் புதிதாகச் செய்து, ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் என்று வெளியிட்டார்கள். ஊர் அதே ஜோட்டோ. கதையும் அதேதான்: போக்கிமான் என்ற மிருகங்களைப் பிடித்து வளர்த்து, ஜிம் என்ற சண்டைக்கூடங்களின் தலைவர்களை வென்று பேட்ஜ் வாங்க வேண்டும்.

எனக்கு நானே ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: கருவியின் கடிகாரத்தைத் திருப்பக் கூடாது. இந்த ஆட்டத்தில் நிஜ நேரம்தான் ஓடுகிறது. ராத்திரி ஆடினால் ஹூட்ஹூட் என்ற ஆந்தை வரும், பகலில் வராது. பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனியில் மட்டும். யூனியன் குகையின் அடித்தளத்துத் தண்ணீரில் லாப்ரஸ் என்ற போக்கிமான் வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருக்கும். முன்பு ஆடியபோது இதற்கெல்லாம் பொறுமை இருந்ததில்லை, கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிடுவேன். இந்த முறை வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் குகைக்குள் இறங்கி, இருட்டுத் தண்ணீரில் சர்ஃப் செய்துகொண்டு போனால் ஒரு மூலையில் அசையாமல் நிற்கிறது. லெவல் 20. பிடித்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததால், அது என் அணியிலேயே முக்கியமான ஆளாகிவிட்டது.

அப்புறம், பின்னால் நடந்து வரும் போக்கிமான். அணியில் முதலில் இருப்பது பந்துக்கு வெளியே வந்து நம்மோடு நடக்கும். அப்போது இருந்த 493-க்கும் தனித்தனியாக நடை வரைந்திருக்கிறார்கள். திரும்பி நின்று பேசினால் இடத்துக்கு ஏற்ப ஏதோ ஒன்று செய்யும். வீட்டுக்குள் நுழைய முடியாத அளவு பெரியதென்றால் வாசலோடு பந்துக்குள் போய்விடும்.

என் கேள்வி இது. இதை மறுபடி ஆடியவர்கள் சொல்லுங்கள்: மாற்ற வேண்டியதை மாற்றினார்களா? விட வேண்டியதை விட்டார்களா?

ரூட்28:

நல்ல இழை. நானும் போன வருஷம் முடித்தேன், ஆனால் உங்கள் அளவுக்கு மனம் இளகவில்லை. மாற்ற வேண்டிய ஒன்றை மாற்றவே இல்லை: லெவல்.

கணக்கைப் பாருங்கள். நான்காவது ஜிம் தலைவர் மார்ட்டியின் கெங்கார் லெவல் 25. அதற்குப் பிறகு சக்கின் பாலிராத் 31, ஜாஸ்மினின் ஸ்டீலிக்ஸ் 35, பிரைஸின் பைலோஸ்வைன் 34. மார்ட்டியின் ஊரான எக்ருடீக்கிற்குப் பிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று வைத்ததால் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைக்க வேண்டியதாகிவிட்டது. காரணம் புரிகிறது. ஆனால் விளைவு என்ன? நடு ஆட்டம் முழுக்க அணி வளராமல் நிற்கும். சாம்பியன் லான்ஸின் டிராகனைட் வெறும் 50. சில்வர் மலை உச்சியில் கடைசி எதிரியாக நிற்கும் ரெட், முதல் ஆட்டத்தின் நாயகன், வைத்திருக்கும் பிகாச்சு 88. நடுவில் 38 லெவல் பள்ளம். அதை எங்கே நிரப்புவது? கான்டோவின் காட்டு வழிகளில் லெவல் ஒற்றை இலக்கத்தில் பிட்ஜி பறக்கிறது. கடைசியான பதினாறாவது ஜிம்மின் தலைவன் ப்ளூவின் பிட்ஜாட் 60, அதோடு சரி.

பழைய ஆட்டத்தில் ரெட்டின் பிகாச்சு 81தான். ரீமேக்கில் பள்ளத்தை மூடாமல் இன்னும் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். 1999-ல் அது கைதவறிப் போனது என்று சொல்லலாம். பத்து வருஷம் கழித்து அந்தச் சமாதானம் செல்லாது.

உருளும்கல்:

லெவல் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை, வாதாட மாட்டேன். ஆனால் சண்டையின் உள்ளே என்ன மாறியது என்று யாரும் பேசுவதில்லை. எனக்கு இந்த ரீமேக்கின் உயிரே அங்குதான் இருக்கிறது.

பழைய கோல்டில் ஒரு அடி ஃபிசிக்கலா (அட்டாக் எண்ணை வைத்து அடிப்பது) ஸ்பெஷலா (ஸ்பெஷல் அட்டாக் எண்ணை வைத்து அடிப்பது) என்பதை அதன் டைப்தான் தீர்மானிக்கும். தண்ணீர், நெருப்பு, பனி, இருள் எல்லாம் ஸ்பெஷல். பேய், விஷம், பாறை எல்லாம் ஃபிசிக்கல். இப்போது ஸ்னீசலை எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தால் கீறுகிற மிருகம். அட்டாக் 95, ஸ்பெஷல் அட்டாக் 35. அதன் இரண்டு டைப்பும், இருளும் பனியும், ஸ்பெஷல் பக்கம். அதாவது தன் சொந்த டைப்பில் அடித்தால் அந்த 35-ஐ வைத்துத்தான் அடிக்கும். கதை முழுக்க நம்மோடு போட்டி போடும் ரைவல் அதைப் பெருமையாக இறக்குவான், நமக்கு ஒன்றும் ஆகாது. கெங்கார் இதற்கு நேர் தலைகீழ்: ஸ்பெஷல் அட்டாக் 130, ஆனால் பேய் டைப் ஃபிசிக்கல் என்பதால் ஷேடோ பால் போனது 65 அட்டாக்கில். நம் முதலை ஃபெரலிகேட்டர்கூட அப்படித்தான். அட்டாக் 105 இருந்தும் தண்ணீரும் கடியும் 79-ல் ஓடியது.

2006-ல் டைமண்ட், பேர்ல் என்ற போக்கிமான் ஆட்டங்கள் வந்தபோது ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக ஃபிசிக்கல், ஸ்பெஷல் என்று பிரித்தார்கள். ஹார்ட்கோல்டு அந்த அடித்தளத்தின் மேல் நிற்பதால், ஜோட்டோவின் மிருகங்கள் முதல்முறையாகத் தங்கள் உருவத்துக்கு ஏற்றபடி அடிக்கின்றன. ஃபெரலிகேட்டர் வாட்டர்ஃபால், ஐஸ் ஃபேங், க்ரஞ்ச் மூன்றையும் 105-ல் அடிக்கும்போது, பத்து வருஷமாகக் கட்டி வைத்திருந்த ஒன்றை அவிழ்த்துவிட்டது போல இருந்தது எனக்கு. படத்தில் பார்த்த முதலை அப்போதுதான் முதலையாயிற்று.

புதுப்பயணி:

வணக்கம் அண்ணா எல்லோருக்கும். நான் இந்த ஆட்டத்தை இப்போதுதான் முதல்முறை ஆடுகிறேன். அக்காவின் பழைய டிஎஸ், அவளுடைய சோல்சில்வர். அவள் அதில் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை அழிக்கச் சம்மதம் வாங்கவே இரண்டு நாள் ஆயிற்று.

கோல்டன்ராட் ஊரின் ஜிம் தலைவி விட்னியிடம் மாட்டிக்கொண்டேன். ஏழு தடவை தோற்றுவிட்டேன். அவளுடைய போக்கிமான் மில்டாங்க்கை எப்படி வெல்வது? இணையத்தில் ஒருவர் கேஸ்ட்லி கொண்டு போ, பேய் மேல் நார்மல் அடி படாது என்று எழுதியிருந்தார். கொண்டு போனேன். ஸ்டாம்ப் என்று ஒரு மிதி, கேஸ்ட்லி காலி. ஏன் பட்டது?

உருளும்கல்:

தம்பி, அந்த அறிவுரை பழைய ஆட்டத்துக்கானது. ரீமேக்கில் மில்டாங்க்கிற்கு ஸ்கிராப்பி என்ற திறன் இருக்கிறது. அது இருந்தால் நார்மல் அடி பேய் மேலும் படும். பழைய வித்தை தெரிந்தவன் அதே வித்தையோடு வருவான் என்று எதிர்பார்த்தே வைத்ததுபோல இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

நீ தோற்பது ரோலவுட் என்ற உருளும் அடியில்தான். அந்த அடி ஒவ்வொரு டர்னும் இரட்டிப்பாகும்: 30, 60, 120, 240, 480. ஐந்து முறை உருளும், தவறினால் மறுபடி 30-லிருந்து. முதல் இரண்டு அடியைத் தாங்கி உன்னிடம் பதில் இல்லையென்றால் முடிந்தது. பாதி உயிர் எடுத்தாலும் மில்க் டிரிங்க் குடித்துத் தேறிக்கொள்ளும். உன் ஸ்டார்ட்டர், அதாவது உன் முதல் போக்கிமான், ஆணா என்று பார். எட்டில் ஏழு ஆணாகத்தான் வரும். ஆண் என்றால் அட்ராக்ட் போட்டு மயக்கிவிடும், பாதி டர்ன் அடிக்கவே மாட்டான்.

யூனியன் குகைக்குப் போ. பெண் ஜியோடியூட் ஒன்றைப் பிடி. மண் டைப் இருப்பதால் ரோலவுட் பாதிதான் படும், பாறை டைப் இருப்பதால் ஸ்டாம்ப்பும் பாதிதான், பெண் என்பதால் அட்ராக்ட் செல்லாது. மேக்னிடியூட் (ஒவ்வொரு முறையும் பலம் மாறும் நில அதிர்ச்சி அடி) கற்றுக்கொள்ளும்வரை வளர்த்துக்கொண்டு போ. வேகம் அதனிடம் இல்லை, முதல் அடி எப்போதும் மில்டாங்க்கினுடையதுதான். பதறாதே.

புதுப்பயணி:

வென்றுவிட்டேன்!!

நடந்தது இது. ஜியோடியூட் லெவல் 18. விட்னி முதலில் இறக்கிய கிளெஃபேரியை என் ஸ்டார்ட்டர் டோடோடைலே பார்த்துக்கொண்டது, இப்போது அது குரோகோனா. மில்டாங்க் வந்ததும் ஜியோடியூடை இறக்கினேன். முதல் உருளல் படவே இல்லை மாதிரி இருந்தது. மேக்னிடியூட் 5 விழுந்தது. இரண்டாவது உருளல், மேக்னிடியூட் 7. மூன்றாவது உருளலில் ஜியோடியூடின் கோடு மஞ்சளாகிவிட்டது. நான்காவது வந்தால் போச்சு என்று தெரியும். அந்த நான்காவது தவறியது! ஜியோடியூட் மேல் படாமல் போயிற்று. மேக்னிடியூட் 8. மில்டாங்க்கின் கோடு சிவப்பு. அது மில்க் டிரிங்க் குடித்தது. நான் மேக்னிடியூட் 9.

அப்புறம் விட்னி அழ ஆரம்பித்துவிட்டாள், பேட்ஜ் தரவில்லை! ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வெளியே போகத் திரும்பியபோது அங்கிருந்த ஒரு பெண், அவள் தோற்றால் அழுவாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவாள் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். திரும்பிப் போனால் தந்தாள். இனி ஜியோடியூட்தான் எனக்குப் பின்னால் நடந்து வரும்.

பழையகேட்ரிட்ஜ்:

புதுப்பயணி, வாழ்த்துகள். விட்னி 1999-லும் அப்படித்தான் அழுதாள்.

நான் இன்னும் பழைய கேட்ரிட்ஜ்களையே வைத்திருப்பவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பழைய கோல்டுக்குள் கடிகாரம் ஓடுவதற்கென்றே ஒரு சிஆர்2025 பேட்டரி இருக்கிறது. சேமித்த ஆட்டத்தைக் காப்பாற்றுவதும் அதே பேட்டரிதான். ஆட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டாலும் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். என்னுடையது ஒருநாள் திறந்தபோது, தொடர்வதற்கான வரி இல்லை. புதிய ஆட்டம் மட்டும்தான். கேட்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன்: பேட்டரியின் இரு பக்கமும் உலோகத் தகடு பற்றவைத்திருந்தது, விரலால் எடுக்க வராது. சூட்டுக்கோல் வைத்துக் கழற்றிப் புதியது பற்றவைத்தேன். கடிகாரம் மறுபடி ஓடுகிறது. நான்கு வருஷம் வளர்த்த டைஃப்லோஷன் இல்லை.

ஹார்ட்கோல்டில் இந்தப் பயம் கிடையாது. ஆட்டத்தைச் சேமிக்க பேட்டரி தேவையில்லை, நேரத்தை டிஎஸ்ஸிடமே கேட்டுக்கொள்கிறது. ஆந்தைநேரம், உங்கள் வெள்ளிக்கிழமை லாப்ரஸ் அங்கே பத்திரமாக இருக்கும். ரீமேக் செய்த பெரிய நன்மை இதுதான் என்பேன். அதே கடிகார ஊர், கடிகாரம் நின்றாலும் சாகாமல்.

வரலாறும் கொஞ்சம். கோல்டு, சில்வர் ஒரே மூச்சில் வந்தவை அல்ல. 1997-ல் ஸ்பேஸ் வேர்ல்டு கண்காட்சியில் காட்டிய மாதிரிப் பதிப்பு 2018-ல் வெளியே கசிந்தது. அதில் வரைபடமே வேறு: ஜப்பான் முழுவதையும் ஒரே நிலப்பரப்பாக வைத்து, கான்டோவை அதில் ஒரு மூலையாகச் சுருக்கியிருந்தார்கள். அதில் இருந்த எத்தனையோ மிருகங்கள் கடைசி ஆட்டத்தில் இல்லவே இல்லை. இரண்டு வருஷத்தில் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

ரூட்28:

கான்டோ பேச்சு வந்ததால் கேட்கிறேன். இவாட்டா தரவைச் சுருக்கிக் கொடுத்ததால்தான் கான்டோ முழுவதும் கேட்ரிட்ஜுக்குள் அடங்கியது என்கிறார்களே, அது உண்மையா?

பழையகேட்ரிட்ஜ்:

பாதிதான் உறுதி. சத்தோரு இவாட்டா அப்போது ஹால் லேபரட்டரி என்ற கேம் நிறுவனத்தின் தலைவர். போக்கிமான் படங்களைச் சுருக்கும் கருவிகளை அவர் எழுதிக் கொடுத்தது உண்மை. போக்கிமான் ஸ்டேடியம் என்ற ஆட்டத்துக்காகச் சண்டை நிரலை ஒரே வாரத்தில் நின்டெண்டோ 64-க்கு மாற்றிக் கொடுத்ததும் உண்மை. ஹார்ட்கோல்டின் இயக்குநர் ஷிகேகி மோரிமோட்டோ, ரீமேக் வந்த சமயத்து உரையாடலில் இதையெல்லாம் வியந்து சொல்லியிருக்கிறார். ஆனால் "அதனால்தான் கான்டோ அடங்கியது" என்ற வரி அந்த உரையாடலில் இல்லை, பிறகு ஒட்டிக்கொண்டது. இவாட்டாவின் வேலை அந்த ஒட்டு இல்லாமலேயே பெரியது.

அடங்கியது என்பதும் முழுக்கச் சரியில்லை. பழைய கோல்டின் கான்டோவை நினைத்துப் பாருங்கள். விரிடியன் காடு வெறும் பாதையாகிவிட்டது. செருலியன் குகை இல்லை. சஃபாரி ஜோன் மூடியிருக்கிறது. சின்னபார் தீவு எரிமலையில் போய்விட்டது, பிளைன் பாவம் சீஃபோமில் ஒரு பொந்தில் ஜிம் வைத்திருக்கிறார். இடம் பற்றாமல் வெட்டியது தெரிகிறது.

ஆந்தைநேரம்:

ஆமாம், ரீமேக்கில் விரிடியன் காட்டைத் திருப்பித் தந்திருக்கிறார்கள், செருலியன் குகையும் அதில் இருக்கும் மியூட்டூ என்ற அரிய போக்கிமானும் வந்துவிட்டன. ஆனால் சின்னபாரை அப்படியே சாம்பலாக விட்டிருக்கிறார்கள். நேற்று அங்கே போனேன். போக்கிமான் சென்டர் ஒன்று, மீதி எல்லாம் பாறை. அதன் மேல் ப்ளூ தனியாக நின்றுகொண்டிருக்கிறான். முதல் ஆட்டத்தில் அதே தீவில் எத்தனை மணி நேரம் சுற்றியிருப்போம்! இதைச் சரிசெய்யாமல் விட்டதற்கு அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். முதல் ஆட்டத்துக்குப் பிறகு நாம் இல்லாத மூன்று வருஷத்தில் அந்த ஊரில் காலம் ஓடியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், திரும்ப வராத ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

ரூட்28, உங்கள் லெவல் பள்ளத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது சரி, ஆனால் ரீமேக் ஒரு பாலம் போட்டிருக்கிறது. ஜிம் லீடர்களின் தொலைபேசி எண் வாங்கலாம். ஒவ்வொருவரும் ஜிம்முக்கு வெளியே ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில்தான் இருப்பார்கள், அப்போது பிடித்தால்தான் எண். பிறகு அழைத்தால் சாஃப்ரான் நகரின் டோஜோ என்ற சண்டைக்கூடத்துக்கு வந்து, முன்பைவிட மிகவும் பலமான அணியோடு மோதுவார்கள். கான்டோ பேட்ஜ்களுக்குப் பிறகு லீகும் லெவல் ஏறி நிற்கிறது. நான் இரண்டு வாரமாக இப்படித்தான் வளர்க்கிறேன். அவசரமாக ஆடுபவருக்கு அந்தப் பாலம் கண்ணிலேயே படாது.

ரூட்28:

எனக்குப் படவில்லை, உண்மைதான். நான் பன்னிரண்டு நாளில் முடித்தேன். ஒரு எண்கூட வாங்கவில்லை. விக்டரி ரோட்டில் காட்டு மிருகங்களை அடித்து அடித்து ஏற்றினேன்.

ஆனாலும் என் குறை போகாது. அவ்வளவு நல்ல வழி ஒன்றைச் செய்துவிட்டு, அதை யாரும் காணாத இடத்தில் வைத்தால் அது ஆட்டத்தின் தப்புத்தான். இருந்தாலும் அடுத்த முறை ஜாஸ்மினைத் தேடிப் போவேன்.

பழையகேட்ரிட்ஜ்:

இப்போது திரும்பிப் போகிறவர்களுக்குக் கிடைக்காதவையும் உண்டு. 2014 மே 20-ல் டிஎஸ்ஸின் இணையச் சேவை நின்றுவிட்டது, அதோடு உலகெங்கும் உள்ளவர்களோடு போக்கிமான் மாற்றிக்கொள்ளும் பரிமாற்றமும் போயிற்று. அதைவிட வலிப்பது செலிபி என்ற அரிய போக்கிமான். அப்போது சிறப்பு நிகழ்வில் விநியோகித்த செலிபியைக் கொண்டுபோனால் மட்டும் திறக்கும் ஒரு காட்சி உள்ளே இருக்கிறது: மூன்று வருஷம் பின்னால் போய், வில்லன் கூட்டத்தின் தலைவன் ஜியோவன்னியும் செம்முடி ரைவலும் அப்பா மகன் என்று பார்ப்போம். கதையில் இவ்வளவு முக்கியமான இடம் கேட்ரிட்ஜுக்குள் பூட்டிக் கிடக்கிறது, சாவி கொடுப்பதை நிறுத்தி வருஷங்களாகிவிட்டன. ரைவலைப் பற்றிப் பழைய ஆட்டம் சொல்லாமல் விட்டதை ரீமேக் சொன்னது, ஆனால் கொஞ்ச பேருக்கு மட்டும்.

வாங்குகிறவர்கள் கவனியுங்கள். உண்மையான கேட்ரிட்ஜின் உடல் சாதாரண சாம்பல் நிறமாக இருக்காது, ஒளி ஊடுருவும் கறுப்பாக இருக்கும். போக்கிவாக்கர் என்ற அடி எண்ணும் கருவியோடு பேச உள்ளே இன்ஃப்ராரெட் இருப்பதால் அப்படி. நான் ஒருமுறை போலியில் ஏமாந்தேன்: ஆட்டம் ஓடியது, ஆனால் வாக்கரைக் கண்டுகொள்ளவே இல்லை.

புதுப்பயணி:

அக்காவினுடையது கறுப்புத்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன்! வாக்கர் அலமாரியில் கிடைத்தது, பேட்டரி மாற்றினேன். ஜியோடியூடை அதில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். இருபது அடி நடந்தால் ஒரு வாட், அதாவது வாக்கரின் புள்ளி. ஒரு நடைக்கு ஒரு லெவல்தான் ஏறும், பரவாயில்லை.

ஆந்தைநேரம்:

நேற்று ராத்திரி மலை உச்சிக்குப் போனேன்.

ரீமேக்கில் அங்கே பனி கொட்டுகிறது, சண்டை முழுக்க ஆலங்கட்டி. ஒவ்வொரு டர்னும் இரு பக்கமும் உயிர் குறையும், பனி டைப் தவிர. ரெட் எதுவும் பேசவில்லை, புள்ளிகள் மட்டும். பிகாச்சு 88. நான் இறக்கியது மாமோஸ்வைன் 72. அயர்ன் டெயில் ஒன்றை வாங்கிக்கொண்டு நின்றது, எர்த்க்வேக்கில் பிகாச்சு விழுந்தது. வீனஸார் வந்து மாமோஸ்வைனை எடுத்துவிட்டது. வீனஸாரை டைஃப்லோஷன் எரித்தது, அதை பிளாஸ்டாய்ஸ் முடித்தது. அந்தப் பனியில் பிளிஸார்ட் தவறவே தவறாது, நாக்டவுலும் அதில்தான் போயிற்று. என் ஹூட்ஹூட்டாக இருந்தது அது. சாரிசார்டும் அவனுடைய லாப்ரஸும் விழுந்தபோது என்னிடம் ஒன்றுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை லாப்ரஸ், 71.

எதிரே ஸ்னோர்லாக்ஸ். பழைய ஆட்டத்தில் ரெட்டிடம் லாப்ரஸ் இல்லை, எஸ்பியான் இருந்தது. இரண்டு லாப்ரஸும் ஒரே சண்டையில் நின்றதே எனக்குப் போதுமாக இருந்தது. ஸ்னோர்லாக்ஸ் கீகா இம்பாக்ட் அடித்தது, பதினொரு உயிர் மிஞ்சியது. அது அடித்துவிட்டால் அடுத்த டர்ன் ஓய்வெடுத்தாக வேண்டும். ஆலங்கட்டி என் லாப்ரஸைத் தொடவில்லை, ஸ்னோர்லாக்ஸை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அந்த ஓய்வு டர்னில் சர்ஃப் அடித்தேன்.

ரெட் மறுபடி புள்ளிகள் மட்டும் சொன்னான். பனி திரையை மூடியது. திரை தெளிந்தபோது அவன் அங்கே இல்லை. பெயர்கள் ஓடி முடிந்து, நியூ பார்க் டவுன் வீட்டில் எழுந்தேன்.

இன்று திங்கள். மவுண்ட் மூன் மேலே கிளெஃபேரிகள் ஆடுவது திங்கள் ராத்திரி மட்டும்தான். லாப்ரஸை முன்னால் வைத்துக்கொண்டு போகிறேன்.